நூற்காதலர் பெட்ரார்க்கு

நூல்களை விலைகொடுத்து வாங்குவோர் பலர். வாங்கியவற்றைப் படித்து முடிப்போர் சிலர். தமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் அமைந்த நூலையும் கண்ணெனக் காத்து, அதன் பொருளை உணரும் நாள் எந்நாளோ என்று ஏங்கிக் கிடப்போர் மிகச் சிலர். உறங்கச் செல்லுமுன் படிக்கலாம் என்று தலைமாட்டில் நூல்களை அடுக்கி வைத்தல் கற்றோர் பலர்க்கும் இயல்பு. அவ்வடுக்கிலுள்ள நூல்களுட் சில ஒரு திங்கள் காத்திருக்கும். சில ஓராண்டு காத்திருக்கும். ஆயின், ஒரு பெரும்புலவர் இல்லத்தில் ஒரு நூல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் வாய்திறவாமற் காத்திருந்தது. அப்புலவரும் அந்நூலின்முன் காத்திருந்தார். அவரே இத்தாலி நாட்டுக் கவிஞராகிய பிரான்செசுகோ பெட்ரார்க்கு ஆவார். ஐரோப்பாவில் மறைந்து கிடந்த பழம்பெரும் இலக்கியங்களைத் தேடி எடுத்து, அறிவு மறுமலர்ச்சிக்கு வித்திட்டவருள் அவர் முதல்வர் எனப் போற்றப்படுகின்றார்.

பிறப்பும் இளமையும்

பெட்ரார்க்கு 1304ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20ஆம் நாள் இத்தாலியில் அரெத்சோ என்னும் ஊரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் புளோரன்சு நகரில் ஆவணம் எழுதும் அலுவல் புரிந்தவர். அந்நகரில் எழுந்த கட்சிப் பூசல் காரணமாக அவர் 1302ஆம் ஆண்டில் நாடு கடத்தப்பட்டார். பெருங்கவிஞராகிய தாந்தேயும் அதே ஆண்டில் அதே பூசலால் ஊர் இழந்தவரே. ஆகவே, பெட்ரார்க்கு பிறந்தபோதே தம் முன்னோர் ஊரை இழந்த பிள்ளையாகப் பிறந்தார். தாம் பிறக்கும் முன்னரே தமக்கு நாடு கடத்தல் வாய்த்தது என்று அவர் பிற்காலத்தில் எண்ணி வருந்தியதுண்டு.

அக்காலத்தில் போப்பாண்டவர் உரோமை நகரில் வாழாது, பிரெஞ்சு நாட்டின் தெற்கிலுள்ள அவிஞ்ஞோன் நகரில் வாழ்ந்து வந்தார். அங்கே எழுத்துப்பணி மிகுதியாகக் கிடைக்கும் என்று கருதிய தந்தையார், குடும்பத்தோடு அப்பகுதிக்குச் சென்றார். அவிஞ்ஞோன் நகரில் இடநெருக்கடி மிகுந்திருந்தமையால், பக்கத்திலுள்ள கார்ப்பந்திராசு என்னும் சிற்றூரில் மனைவியையும் மக்களையும் குடியமர்த்தினார். அவ்வூரிலேதான் பெட்ரார்க்கு இலத்தீன் மொழியின் இலக்கணத்தை ஒரு முதிய ஆசிரியரிடம் கற்றார். சிசரோ என்னும் உரோம நாட்டுச் சொல்லாளரின் உரைநடை அச்சிறுவரின் செவிக்குப் பேரின்பம் தந்தது. பொருள் முழுதும் விளங்காத பருவத்திலேயே அச்சொற்களின் ஓசையில் அவர் உள்ளம் ஈடுபட்டது.

தீயிலிட்ட நூல்கள்

மகன் சட்டம் பயின்று செல்வமும் செல்வாக்கும் பெறவேண்டும் என்று தந்தையார் விரும்பினார். அதன்பொருட்டு 1316ஆம் ஆண்டில் மோன்பெலியே நகரத்துக்கும், 1320ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள பொலோஞா நகரத்துக்கும் அவரை அனுப்பினார். ஏழாண்டுக் காலம் சட்டக் கல்வி என்னும் பெயரால் கழிந்தது. ஆயின், மாணவரின் மனம் சட்டத்தில் நிற்கவில்லை. அவர் தம் அறையில் வர்ஜில், சிசரோ முதலியோர் நூல்களை மறைத்து வைத்துப் படித்து வந்தார்.

ஒருநாள் தந்தையார் எதிர்பாராது வந்து அந்நூல்களைக் கண்டுவிட்டார். சட்டக் கல்விக்கு இவையே பகை என்று சினந்து, அவற்றை எடுத்து நெருப்பில் எறிந்தார். தம் உடம்பையே தீச்சுட்டாற்போல மகன் அலறி அழுதார். அவ்வழுகையைக் கண்ட தந்தையாரின் நெஞ்சம் இளகியது. எரிந்துகொண்டிருந்த குவியலிலிருந்து இரண்டு நூல்களை விரைந்து எடுத்து மகன் கையிற் கொடுத்தார். ஒன்று வர்ஜிலின் காப்பியம். மற்றொன்று சொல்வன்மை பற்றிச் சிசரோ இயற்றிய நூல். ஓய்வு நேரத்தில் மனம் ஆறுதற்கு முன்னதையும், சட்டப் படிப்பிற்குத் துணையாகப் பின்னதையும் வைத்துக்கொள்ளுமாறு பணித்தார்.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு தந்தையாரைக் கொடியவர் என்று கருதுதல் பொருந்தாது. அவரும் சிசரோவின் நூல்களில் பற்றுடையவரே. வர்ஜிலின் பாடல்கள் அடங்கிய அழகிய பெருஞ்சுவடி ஒன்றைப் பெரும்பொருள் செலவிட்டு எழுதுவித்தவரும் அவரே. மகனின் பிழைப்பைப் பற்றிய கவலையே அவரைச் சினங்கொள்ளச் செய்தது. 1326ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அதன்பின் பெட்ரார்க்கு சட்டக் கல்வியைக் கைவிட்டு அவிஞ்ஞோன் திரும்பினார். பொய் கலவாமல் அத்தொழிலை நடத்தல் அரிது என்பது அவர் கருத்து.

நூல்கள் அரியவாயிருந்த காலம்

இக்காலத்து மாணவர்க்கு ஒரு செய்தியை இங்கே விளக்குதல் வேண்டும். அச்சுப் பொறி கொண்டு ஐரோப்பாவில் நூல் அச்சிடும் முறை ஏறத்தாழ 1450ஆம் ஆண்டினை ஒட்டியே தோன்றியது. பெட்ரார்க்கு வாழ்ந்த காலத்தில் நூல் ஒவ்வொன்றும் கையாலேயே எழுதப்பெற்றது. ஆட்டுத்தோலையும் கன்றின் தோலையும் பதப்படுத்தி, மெல்லிய ஏடுகளாக்கி, அவற்றின்மீது மையால் எழுதுவர். ஒரு பெருநூலுக்கு ஆடுகள் பல வேண்டும். படியெடுப்போர் திங்கட் கணக்கில் உழைத்தல் வேண்டும். ஆதலின், நூல் ஒன்றின் விலை எளிய மக்களால் எட்ட இயலாததாய் இருந்தது. பழைய நூல்கள் பல, மடங்களின் பேழைகளில் படிப்பாரின்றிப் புழுவரித்துக் கிடந்தன. இருந்த ஒரே படியும் அழிந்தால் அந்நூல் உலகினின்றே மறைந்தொழியும்.

பெட்ரார்க்கு வாழ்வில் இதற்குச் சான்றாக நிகழ்ந்தது ஒன்றுண்டு. அவர்தம் பழைய ஆசிரியர் முதுமையில் வறுமையுற்றார். மாணவராகிய பெட்ரார்க்கு அவருக்குப் பொருளுதவி புரிந்ததோடு, கேட்டபோதெல்லாம் நூல்களும் இரவலாகக் கொடுத்து வந்தார். ஒருமுறை சிசரோவின் அரிய சுவடி ஒன்றை வாங்கிச் சென்ற ஆசிரியர், பசிக்கொடுமையால் அதனை அடகு வைத்துவிட்டார். உண்மையை அறிந்த பெட்ரார்க்கு, அடகு வைத்த இடத்தைச் சொன்னால் தாமே பணம் செலுத்தி மீட்டுக்கொள்வதாகக் கூறினார். ஆசிரியரோ, நாணத்தாற் கண்ணீர் சொரிந்து, தம் கடமையைத் தாமே செய்வதாகக் கூறினாரேயன்றி இடத்தைக் கூறினாரில்லை. சின்னாளில் அவர் தம் சொந்த ஊருக்குச் சென்று இறந்தார். அச்சுவடி மீண்டும் கிடைக்கவேயில்லை. அவ்விழப்பை எண்ணிப் பெட்ரார்க்கு வாழ்நாள் முழுதும் வருந்தினார். ஆயினும், ஆசிரியர்பால் கொண்ட அன்பில் அவர் குறைந்தாரல்லர்.

தந்தையார் எழுதுவித்த வர்ஜில் சுவடிக்கும் இடையூறு நேர்ந்தது. 1326ஆம் ஆண்டில் அது களவு போயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், 1338ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அவருக்கு மீண்டும் கிடைத்தது. இழந்த நாளையும் பெற்ற நாளையும் அச்சுவடியிலேயே அவர் குறித்து வைத்தார். நண்பர்கள் மறைந்த நாட்களையும் அதிலேயே எழுதினார். துன்பம் வந்தபோது கண்ணிற்படும் இடம் அதுவே என்பதனால் அங்ஙனம் செய்தார். அச்சுவடி இன்றும் மிலான் நகரத்து அம்புரோசிய நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

நூல்தேடிய பயணங்கள்

கொலோன்னா என்னும் உயர்குடியினர் பெட்ரார்க்குக்குப் புரவலராய் வாய்த்தனர். அக்குடியைச் சேர்ந்த கர்தினால் ஒருவரிடம் அவர் 1330ஆம் ஆண்டு முதல் பணியாற்றினார். அதனால் அவருக்கு உணவும் உறையுளும், ஊர்கள் பல காணும் வாய்ப்பும் கிடைத்தன. எந்த ஊருக்குச் சென்றாலும், தொலைவில் மடம் ஒன்று தெரிந்தால், அங்கே தாம் தேடும் நூல் இருக்குமோ என்று வழியினின்றும் விலகிச் சென்று பார்த்தல் அவர் வழக்கமாயிற்று.

1333ஆம் ஆண்டில் அவர் லியேசு நகரத்துக்குச் சென்றார். அங்கே சிசரோவின் சொற்பொழிவுகள் இரண்டு இருப்பதைக் கண்டார். ஒன்றைத் தம் நண்பரைக் கொண்டும், மற்றொன்றைத் தம் கையாலும் படியெடுத்தார். அவ்வளவு பெரிய நகரத்தில் எழுதுதற்கு மை கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்த மையும் குங்குமப்பூவைப் போல மஞ்சள் நிறமாயிருந்தது. 1345ஆம் ஆண்டில் வெரோனா நகரத்துத் தேவாலய நூலகத்தில், சிசரோ தம் நண்பர்க்கும் உடன்பிறந்தார்க்கும் வரைந்த கடிதங்களின் பெருந்தொகுதி ஒன்று அவர் கண்ணிற் பட்டது. உடல்நலம் குன்றியிருந்தும், பிறர் கையில் ஒப்படைக்க மனமின்றி, அத்தொகுதி முழுவதையும் தாமே எழுதி முடித்தார்.

அக்கடிதங்களைப் படித்தபோது அவர் மனம் ஒருவாறு கலங்கியது. தாம் தெய்வமெனப் போற்றிய சிசரோ, அரசியல் சூழலில் மனம் தடுமாறியவராயும், அஞ்சியவராயும் அவற்றில் காட்சியளித்தார். அதனால் பெட்ரார்க்கு அப்புலவரை வெறுத்தாரல்லர். மறைந்து ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலான அவருக்கே, உயிரோடிருக்கும் நண்பருக்கு எழுதுவதுபோலக் கடிதம் ஒன்று வரைந்தார். குறையையும் எடுத்துரைத்து, அன்பையும் புலப்படுத்தினார். நூலாசிரியரைத் தோழராகக் கொண்டு அளவளாவும் இப்பண்பு அவர் கல்வியின் சிறப்பாகும்.

நூலகத்தின் திறவுகோல்

அவிஞ்ஞோன் நகரத்தின் ஆரவாரத்தை வெறுத்த பெட்ரார்க்கு, 1337ஆம் ஆண்டில் வோக்ளூசு என்னும் பள்ளத்தாக்கிற் சிறு வீடு ஒன்றை வாங்கிக் குடியேறினார். சோர்கு ஆறு தோன்றும் இடம் அது. அங்கே தோட்டம் வளர்த்தும், ஆற்றங்கரையில் உலவியும், நூல்களைப் படித்தும், பல நூல்களை இயற்றியும் வாழ்ந்தார். அவருடைய நூல்களையும் நிலத்தையும் ஓர் உழவர் காத்து வந்தார். அவ்வுழவருக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும், நெடுநாட் பழக்கத்தால், எந்நூல் எங்கேயுள்ளது என்பதும், எது பழைய புலவர் நூல், எது தம் தலைவர் இயற்றியது என்பதும் அவருக்குத் தெரியும். நூல் ஒன்றைக் கையிற் கொடுத்தால், அதனை மார்போடு அணைத்துக்கொண்டு பெருமூச்செறிவார்; சிற்சில வேளைகளில் மெல்லிய குரலில் அந்நூலாசிரியரோடு பேசவும் செய்வார். 1353ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது, பெட்ரார்க்கு தம் உறவினரை இழந்தாற்போலத் துயருற்றார்.

பெட்ரார்க்கு இரவும் பகலும் படித்து உடல் மெலிவதைக் கண்டு, பக்கத்து ஊர் மேற்றிராணியாராகிய நண்பர் ஒருவர் வருந்தினார். அவர் ஒருநாள் நூலகத்தின் திறவுகோலைத் தரும்படி கேட்டார். ஐயுறாது பெட்ரார்க்கும் கொடுத்தார். நண்பர் நூல்களையும் எழுதுகருவிகளையும் உள்ளே வைத்துப் பூட்டி, பத்து நாள் படித்தலும் எழுதுதலும் கூடா என்று கூறிப் போய்விட்டார். முதல்நாள் ஓராண்டினும் நெடிதாகத் தோன்றியது. இரண்டாம் நாள் காலை முதல் மாலை வரை தலைவலி நீங்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வருவதற்குரிய குறி தோன்றியது. செய்தியறிந்த நண்பர் ஓடிவந்து திறவுகோலைத் திருப்பித் தந்தார். உடனே நோய் நீங்கியது. படிப்பு அவர்க்கு மூச்சைப் போன்றது என்பதை நண்பர் அன்று உணர்ந்தார்.

ஒரு நாளில் ஆறு மணி நேரமே அவர் உறங்குவார். உடலுக்குரிய பிற தேவைகளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவார். எஞ்சிய நேரமெல்லாம் கல்விக்கே உரியது. உணவுண்ணும்போதும், முகம் மழித்துக்கொள்ளும்போதும், குதிரைமீது செல்லும்போதும் படிப்பார், அல்லது பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். படுக்கையின் தலைமாட்டில் எழுதுகருவிகள் எப்போதும் இருக்கும். நள்ளிரவில் விழித்தெழுந்து, விளக்கு அணைந்திருப்பினும், தோன்றிய கருத்தை இருளிலேயே எழுதி வைப்பார்; விடிந்தபின் அவ்வெழுத்தை அவரே படிக்க இயலாது திகைப்பதும் உண்டு.

புகழும் பணிவும்

1341ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 8ஆம் நாள் உரோமை நகரத்துக் காப்பித்தோல் குன்றின்மேல் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் பெட்ரார்க்குக்குக் கவிஞர்க்குரிய வாகைமாலை சூட்டப்பெற்றது. அப்போது அவர்க்கு வயது முப்பத்தாறு. பாரிசு நகரமும் உரோமை நகரமும் அச்சிறப்பை அவர்க்கு அளிக்கத் தனித்தனியே அழைத்திருந்தன. லாரா என்னும் நங்கையை முன்னிட்டுத் தம் தாய்மொழியில் அவர் இயற்றிய பாடல்கள் ஐரோப்பிய மொழிகள் பலவற்றின் கவிதைக்கு வழிகாட்டியாயின. இலத்தீன் நூல்களாலேயே தம் புகழ் நிலைபெறும் என்று அவர் கருதினார். உலகமோ, அவர் சிறியனவென்று கூறிய தாய்மொழிப் பாடல்களையே மிகுதியாகப் போற்றுகின்றது.

இவ்வளவு புகழ் பெற்றும், தம் கல்வி நிரம்பாதது என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. வர்ஜிலும் சிசரோவும் தம் நூல்களில் ஹோமர் என்னும் கிரேக்கப் புலவரைத் தலைவணங்கிப் போற்றியிருப்பதை அவர் அறிவார். அந்த ஹோமரை அவர் படித்ததில்லை. அவர் மட்டுமன்று, மேற்கு ஐரோப்பாவில் கற்றவர் எனப்பட்டோரில் கிரேக்கம் அறிந்தோர் அந்நாளில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. பர்லாம் என்னும் துறவியிடம் அவர் 1342ஆம் ஆண்டில் கிரேக்கம் கற்கத் தொடங்கினார். எழுத்துகள் ஒருவாறு பழகிய நிலையில், அத்துறவிக்குத் தென்னித்தாலியில் மேற்றிராணியார் பதவி கிடைத்தது. அப்பதவி கிடைப்பதற்குத் துணைநின்றவரும் பெட்ரார்க்கே. ஆசிரியர் உயர்வு பெற்றார். மாணவர் ஆசிரியரை இழந்தார்.

பேசாத நூல்

1354ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பெட்ரார்க்கு மிலான் நகரில் வாழ்ந்தபோது, கான்சுதாந்திநோபிளிலிருந்து அவருக்கு அரும்பொருள் ஒன்று வந்து சேர்ந்தது. அந்நாட்டுத் தூதராக முன்னர் வந்து நட்புக்கொண்ட நிக்கொலாசு சிகெரோசு என்பவர், ஹோமரின் காப்பியத்தைக் கிரேக்க மொழியிலேயே எழுதிய சுவடியாக அனுப்பியிருந்தார். பொன்னும் மணியும் வந்திருப்பினும் பெட்ரார்க்கு அவ்வளவு மகிழ்ந்திருக்கமாட்டார். ஆயினும், ஏடுகளைப் புரட்டினால் எழுத்துகள் தெரிந்தன, பொருள் தெரியவில்லை. நூல் அவருக்கு ஊமையாயிற்று. அவர் நூலுக்குச் செவிடரானார். பலமுறை அச்சுவடியைத் தழுவிக்கொண்டு, உம்முடைய குரலைக் கேட்க எவ்வளவு விழைகின்றேன் என்னும் கருத்துப்பட ஹோமரை விளித்துப் பெருமூச்செறிந்ததாகத் தூதருக்கு வரைந்த நன்றிக் கடிதத்தில் தெரிவித்தார். எழுத்தறியாத வோக்ளூசு உழவர் நூல்களை மார்பில் அணைத்துக் கொண்டதும், வாகை சூடிய பெரும்புலவர் ஹோமரை அணைத்துக் கொண்டதும் ஒரு தன்மையனவே அல்லவா? கல்லாதவர்க்கும் கற்றவர்க்கும் இடையே உள்ள எல்லை, ஒரு புதிய மொழியின்முன் அழிந்துபோதலை இங்கே காண்கின்றோம்.

அறியாத நூலைக் கண்டு வெட்கி மறைத்தாரில்லை, அறிந்ததுபோல் நடித்தாருமில்லை. அச்சுவடியைப் பிளாட்டோவின் நூலுக்கு அருகே வைத்துப் போற்றினார். அதனைத் திறந்துவிடத்தக்க ஒருவரைத் தேடினார். ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்து லெயோந்தியோ பிலாத்தோ என்னும் ஒருவர் பதுவா நகரில் அவருக்கு அறிமுகமானார். அவர் தோற்றத்தில் அழகற்றவர், சடைபிடித்த தாடியினர், எளிதிற் சினங்கொள்பவர். ஆயினும் கிரேக்கம் அறிந்தவர். பெட்ரார்க்கின் உயிர்நண்பரும் புகழ்பெற்ற கதையாசிரியருமாகிய பொக்காச்சியோ, அவரை 1360ஆம் ஆண்டில் புளோரன்சு நகரத்துக்கு அழைத்துச் சென்று, தம் வீட்டிலேயே தங்கவைத்து, கிரேக்கம் கற்பிக்கும் ஆசிரியப் பதவியையும் பெற்றுத் தந்தார். அவருடைய முரட்டுக் குணத்தைப் பொறுத்துக்கொண்டு, ஹோமரின் காப்பியங்களை அவரைக்கொண்டு இலத்தீனில் மொழிபெயர்ப்பித்தார்.

பின்னர் லெயோந்தியோ கிரேக்க நாட்டுப் பக்கம் சென்றார். மீண்டும் இத்தாலிக்குக் கப்பலில் வரும்போது புயல் எழுந்தது. பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நின்ற அவர்மீது இடி விழ, அவ்விடத்திலேயே மாண்டார். செய்தி கேட்ட பெட்ரார்க்கு மனம் நொந்தார். அத்துயரின் இடையிலும், இறந்தவருடைய மூட்டையில் கிரேக்கப் புலவரின் நூல் ஏதேனும் உள்ளதோ என்று தேடச் சொன்னார். நூலார்வம் அவரை அவ்வளவு ஆட்கொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பின் படி ஒன்றைப் பொக்காச்சியோ அனுப்பி வைத்தார். வெனிசு நகரில் வாழ்ந்த பெட்ரார்க்கின் கையை அது அடைந்தபோது, கிரேக்கச் சுவடி வந்து ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்க்கு வயதும் அறுபதைக் கடந்திருந்தது. சொல்லுக்குச் சொல் வைத்துச் செய்த அம்மொழிபெயர்ப்பில் கவிதையின் இனிமை இல்லை. ஆயினும், அதனை நல்ல தோல் ஏட்டில் அழகுற எழுதுவித்து, பக்கத்தின் ஓரங்களில் குறிப்பு எழுதிக்கொண்டே படிக்கலானார்.

நண்பர்க்கு உதவிய நெஞ்சம்

பெட்ரார்க்கின் நூற்பற்று அவரைத் தந்நலம் உடையவராக்கவில்லை. 1362ஆம் ஆண்டில் துறவி ஒருவர் பொக்காச்சியோவைக் கண்டு, அவர் வாழ்நாள் விரைவில் முடியும் என்றும், இலக்கியத்தைக் கைவிடவேண்டும் என்றும் அச்சுறுத்தினார். அஞ்சிய பொக்காச்சியோ நூல்களையெல்லாம் விற்றுவிட எண்ணினார். பெட்ரார்க்கு நீண்ட கடிதம் எழுதி அவரைத் தேற்றினார். கல்வி நல்லொழுக்கத்துக்குத் தடையாகாது என்றும், விற்றே தீரவேண்டுமாயின் நூல்கள் சிதறிப் போகாதவாறு தாமே வாங்கிக்கொள்வதாகவும் கூறினார். பொக்காச்சியோ மனந்தெளிந்தார். இக்கடிதம் எழுதப்பெறாதிருந்தால், பின்னர் ஹோமர் பெட்ரார்க்கின் கையை அடைந்திருப்பாரோ என்பது ஐயமே.

அதே ஆண்டில் அவர் வெனிசு அரசுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். தாம் வாழ ஒரு வீடு தந்தால், தம் நூல்களையெல்லாம் தமக்குப்பின் அந்நகருக்கே வழங்குவதாகவும், அவை கற்போர் அனைவர்க்கும் பயன்படுமாறு ஒருங்கே காக்கப்பெறவேண்டும் என்றும் தெரிவித்தார். அரசும் இசைந்து வீடு அளித்தது. அவர் சில ஆண்டுகளில் அந்நகரை விட்டு நீங்கியமையால் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. அவர் மறைவுக்குப்பின் நூல்கள் பல இடங்களுக்குச் சிதறின; பெரும்பகுதி பாவியா நகரத்து அரண்மனைக்கும், அங்கிருந்து பிரெஞ்சு நாட்டுக்கும் சென்றது. ஆயினும், விதைத்த எண்ணம் வீண்போகவில்லை. 1468ஆம் ஆண்டில் பெசாரியோன் என்னும் கிரேக்கப் பேரறிஞர் தம் நூல்களை அதே வெனிசு நகருக்கு வழங்க, அங்கே புகழ்பெற்ற பொதுநூலகம் தோன்றியது.

நூல்களைக் காட்சிப் பொருளாகச் சேர்த்து வைப்போரைப் பெட்ரார்க்கு கடிந்துரைத்துள்ளார். சுவரை அணிசெய்வதற்காக நூல் வாங்குவோர்க்கு நூலால் வரும் பயன் யாதுமில்லை என்பது அவர் துணிபு. ஒருமுறை, அவர் தம் கையால் எழுதிய சிசரோவின் கடிதப் பெருஞ்சுவடி, கதவோரத்தில் சாய்த்து வைத்திருந்தபோது, அவருடைய அங்கி பட்டு விழுந்து இடக்காலைத் தாக்கியது. அடுத்தடுத்தும் அவ்வாறே நேர்ந்தது. புண் ஆறாது பெரிதாகி, அவர் படுக்கையிற் கிடக்க நேர்ந்தது. தாம் இளமை முதல் அன்புசெய்த சிசரோவே தம்மைக் காயப்படுத்தினார் என்று அவர் நகைச்சுவையோடு நண்பருக்கு எழுதினார். தரையில் வைத்ததனால் வந்த சினம் போலும் என்று, அச்சுவடியை உயர்ந்த இடத்தில் வைத்தார்.

இறுதி நாட்கள்

1370ஆம் ஆண்டில் பெட்ரார்க்கு பதுவாவுக்கு அருகிலுள்ள ஆர்க்குவா என்னும் மலைச்சிற்றூரில் வீடு அமைத்துக்கொண்டு, மகள் குடும்பத்தோடு வாழ்ந்தார். காய்ச்சல் அடிக்கடி வந்து அவரை வருத்தியது. அவ்வாண்டில் எழுதிய இறுதி ஆவணத்தில், பொக்காச்சியோ குளிர்கால இரவுகளில் படிக்கும்போது போர்த்திக்கொள்ள நல்ல மேலாடை ஒன்று வாங்குவதற்காக ஐம்பது பொற்காசுகள் வழங்கினார். பொருட்குறையால் நண்பர் குளிரில் நடுங்கிப் படிப்பார் என்பதை அவர் மறக்கவில்லை.

அகஸ்தீனார் தம் வாழ்வையும் மனமாற்றத்தையும் கூறும் சிறுநூல் ஒன்றை அவர் இளமை முதல் எங்குச் சென்றாலும் உடன்கொண்டு சென்றார். 1336ஆம் ஆண்டில் வாந்தூ மலையுச்சிக்கு ஏறியபோதும் அது அவர் பையில் இருந்தது. உச்சியில் அந்நூலைத் திறந்தவர், மலையின் உயரத்தை வியக்கும் மாந்தர் தம் உள்ளத்தை நோக்காமையைக் கூறும் இடம் கண்ணிற்பட, பேச்சற்றுக் கீழிறங்கினார். முதுமையில் அந்நூலின் சிற்றெழுத்துகள் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. தமக்குப் பயன்படாத அந்நூலை மூடி வைத்திராது, கற்கும் ஆர்வமுள்ள இளந்துறவி ஒருவர்க்கு அளித்துவிட்டார்.

1373ஆம் ஆண்டில், முதுமை கருதிப் படிப்பைக் குறைத்து ஓய்வு கொள்ளுமாறு பொக்காச்சியோ வேண்டினார். பெட்ரார்க்கு இசையவில்லை. தொடர்ந்த உழைப்பே தம் உயிருக்கு உணவென்றும், படிக்கும்போதோ எழுதும்போதோ தம் வாழ்வு முடிதலையே விரும்புவதாகவும் விடையெழுதினார். 1374ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள் இரவு அவர் உயிர் பிரிந்தது. எழுபது வயது நிரம்புவதற்கு ஏறத்தாழ ஒருநாளே எஞ்சியிருந்தது. விடியலில் வந்தவர்கள், அவர் நூலொன்றின்மீது தலைசாய்த்தவாறு இருக்கக் கண்டனர் என்று வழிவழியாகக் கூறுவர்.

அவர் குறிப்பெழுதிய ஹோமர் சுவடி இன்று பாரிசு நகரத்துத் தேசிய நூலகத்தில் உள்ளது. இலியது என்னும் காப்பியத்தில் அவர் கையெழுத்துக் குறிப்புகள் தொடர்ந்து வருகின்றன. ஒடிசி என்னும் அடுத்த காப்பியத்தின் தொடக்கப் பகுதியில் அவை நின்றுவிடுகின்றன. அதற்கு மேலுள்ள ஏடுகளின் ஓரங்கள் வெறுமையாயுள்ளன. நெடுநாள் காத்திருந்த நூலை அவர் தொட்டார். அதனை முடிக்கும் வரை காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆயினும், அவ்வார்வம் அவரோடு மறையவில்லை. 1397ஆம் ஆண்டில் கிரிசொலோராசு என்னும் அறிஞர் கான்சுதாந்திநோபிளிலிருந்து வந்து புளோரன்சு நகரில் கிரேக்கம் கற்பித்தார். 1488ஆம் ஆண்டில் ஹோமரின் காப்பியங்கள் கிரேக்க மொழியில் அதே நகரில் அச்சேறின. பெட்ரார்க்கு எழுத்துக்கூட்டி நின்ற நூலை, அவருக்குப்பின் வந்த மாணவர் பலர் சரளமாகப் படித்தனர்.

மாணவர்காள்! நூலகமும் அச்சகமும் பெருகிய நாளில் வாழ்கின்றோம். நூல் கிடைப்பதற்கு நாம் மலை கடக்க வேண்டியதில்லை. மஞ்சள் மை தேடவேண்டியதில்லை. ஆயினும், நம் தலைமாட்டில் உள்ள நூல்கள் நம்மை நோக்கிக் காத்திருக்கின்றன. எல்லாவற்றையும் படித்து முடித்தோம் என்று கூறவல்லார் எவருமிலர், பெட்ரார்க்கும் கூறவில்லை. விளங்காத நூலைக் கண்டு விலகிச் செல்லாமல், அது விளங்கும் வரை முயலுதலே கற்பவர் கடன். இன்றிரவு ஓர் ஏட்டைத் திறப்போமாயின், காத்திருக்கும் புலவர் ஒருவர் நம்மோடு பேசத் தொடங்குவார்.